இந்த லிங்க் ஒரிஜினலா, ஃபேக்கா?

இந்த எபிசோடுக்கு நான் தலைப்பே யோசிக்கல, நீங்கதான் கொடுத்தீங்க. கொஞ்ச நாளா இன்பாக்ஸைத் திறந்தால் பாதிக்குப் பாதி ஸ்க்ரீன்ஷாட். "ப்ரோ, இந்த மெசேஜ் ஒரிஜினலா?" "அண்ணா, அம்மாவுக்கு பேங்க்ல இருந்து இப்படி வந்திருக்கு, கிளிக் பண்ணலாமா?" ஒருத்தருக்கு கூரியர் பார்சல், ஒருத்தருக்கு டிராஃபிக் ஃபைன், இன்னொருத்தருக்கு 'உங்கள் ரிவார்ட் பாயின்ட்ஸ் இன்றோடு காலாவதி'. இவன் தினமும் கோட் எழுதறவன், பார்த்த உடனே சொல்லிடுவான்னு உங்களுக்கு ஒரு நம்பிக்கை.

நிஜமாவே சொல்றேன், அந்த ஸ்க்ரீன்ஷாட்களில் பாதியைப் பார்த்து என்னாலயும் உறுதியா சொல்ல முடியாது. அதுக்காக நான் பெரிசா கவலைப்படறதும் இல்லை. ஏன்னா, 'இது ஒரிஜினலா?' என்ற கேள்விக்குப் பதில் தெரியாமலேயே பத்திரமா இருக்க வழி இருக்கு. இன்னிக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறோம்.

முதல்ல ஒரு ஆளைப் பத்தி சொல்றேன். பேர் ட்ராய் ஹன்ட், ஆஸ்திரேலியாக்காரர். 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தை நடத்துபவர். உங்க ஈமெயில் ஐடியைக் கொடுத்தால், அது எந்தெந்த டேட்டா கசிவில் சிக்கியிருக்கு என்று காட்டும் தளம் அது. பாஸ்வேர்ட் திருட்டைப் பத்திப் பேசியே வாழ்க்கையை ஓட்டற மனுஷன்.

2025 மார்ச்சில் இவர் லண்டனில் இருக்கார். நீண்ட விமானப் பயணம், தூக்கம் சரியா இல்லை. அவர் நியூஸ்லெட்டர் அனுப்பப் பயன்படுத்தும் மெயில்சிம்ப் சேவையிலிருந்து வந்த மாதிரி ஒரு மெயில். உங்க மேல ஸ்பாம் புகார் வந்திருக்கு, அனுப்பும் வசதியை நிறுத்தி வெச்சிருக்கோம், உள்ளே வந்து பாருங்க என்று. லிங்க்கைத் தொட்டார். யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டார். ஓடிபி கேட்டது, அதையும் போட்டார். பக்கம் நகராம அப்படியே நின்னது. அப்பதான் பொறி தட்டியது. உடனே ஒரிஜினல் தளத்துக்கு ஓடிப்போய் பாஸ்வேர்டை மாத்தினார். அதுக்குள்ள சுமார் 16,000 பேர் இருந்த மெயில் பட்டியல் போயிடுச்சு.

இதுல ஒரு கொடுமை என்னன்னா, அதுக்கு முந்தின நாள்தான் பிரிட்டன் அரசின் சைபர் பாதுகாப்பு மையத்தில் உட்கார்ந்து, ஃபிஷிங்கைத் தடுக்கும் ஒரு தொழில்நுட்பத்தை மக்களிடம் எப்படிக் கொண்டுபோறதுன்னு பேசிட்டு வந்திருக்கார். நடந்ததை ஒளிக்காம அவரே முழுசா எழுதி, தன்னோட தளத்தில் அந்தக் கசிவையும் சேர்த்துட்டார். அந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை கூடித்தான் போச்சு.

அவருக்கு ஃபிஷிங்னா என்னன்னு தெரியாதா? நம்ம எல்லாரையும் விட நல்லாத் தெரியும். பேராசையும் இல்லை, யாரும் லாட்டரி விழுந்திருக்குன்னு சொல்லல. களைப்பு, கொஞ்சம் பதற்றம். அவ்வளவு போதும். நமக்கும் ராத்திரி பதினோரு மணிக்கு, பஸ்ஸுல ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, மீட்டிங் நடுவுலன்னு அந்த மாதிரி நேரத்துலதான் மெசேஜ் வந்து சேரும்.

அப்ப ட்ரெய்னிங் கொடுத்தால் சரியாயிடுமா? ஐடி கம்பெனியில் இருக்கறவங்களுக்குத் தெரியும், வருஷா வருஷம் ஒரு வீடியோ, கடைசியில் பத்துக் கேள்வி, சர்டிஃபிகேட். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ மருத்துவமனைகளில் 19,500-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வெச்சு எட்டு மாசம் ஒரு ஆய்வு நடந்தது. போலி ஃபிஷிங் மெயில்களை ஆய்வாளர்களே அனுப்பி, யார் கிளிக் பண்றாங்கன்னு பார்த்தாங்க. பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசம் 1.7 சதவீதம்தான். அந்த வீடியோவை ரெண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்ட யாருக்கும் இது பெரிய அதிர்ச்சியா இருக்காது.

இன்னொரு பக்கம், நமக்குச் சொல்லிக்கொடுத்த அடையாளங்களே காலாவதி ஆயிடுச்சு. 'ஸ்பெல்லிங் தப்பா இருந்தால் ஃபேக்'னு சொல்வாங்க. 2022 வாக்கில் பரவிய கரன்ட் பில் மெசேஜ் ஞாபகம் இருக்கா? போன மாச பில் அப்டேட் ஆகல, இன்னிக்கு ராத்திரி ஒன்பதரை மணிக்கு உங்க வீட்டு கரன்ட்டை கட் பண்ணிடுவோம், உடனே இந்த ஆபீசரைக் கூப்பிடுங்கன்னு வரும். ஆங்கிலம் அவ்வளவு மோசமா இருக்கும். அனுப்பினது ஒரு சாதாரண பத்து இலக்க மொபைல் நம்பர். அப்படியும் ஆட்கள் கூப்பிட்டாங்க. ராத்திரி கரன்ட் போயிடும்னா யாருக்குக் கிராமர் கண்ணுல படும்? வீட்டில் பெரியவங்களோ கைக்குழந்தையோ இருந்தால் கேக்கவே வேண்டாம். கூப்பிட்டதும் அந்தப் பக்கம் இருக்கறவர் ரொம்பப் பணிவா ஒரு ஸ்க்ரீன் ஷேரிங் ஆப்பை இன்ஸ்டால் பண்ணச் சொல்லுவார். 'சும்மா பத்து ரூபா கட்டுங்க சார், அப்டேட் ஆயிடும்' என்பார். நீங்க கட்டும்போது போன் திரையில் வர்றதெல்லாம் அவர் பார்த்துட்டு இருப்பார்.

இப்ப அதே மெசேஜை ஏஐ-கிட்ட கொடுத்தால் அழகான ஆங்கிலத்தில், ஏன், நல்ல தமிழிலேயே எழுதிக் கொடுத்துடும். சில நேரம் பேங்க் அனுப்பும் ஒரிஜினல் மெசேஜ்தான் மொழிபெயர்ப்பு மாதிரி கடகடன்னு இருக்கும். எழுத்துப்பிழையை வெச்சு முடிவு பண்ணினால் ஒரிஜினலைத்தான் டிலீட் பண்ணுவோம்.

சரி, நான் என்ன பண்றேன்? மெசேஜ் ஒரிஜினலா இல்லையான்னு ஆராய்ச்சி பண்றதே இல்லை. அதில் இருக்கும் சேதியை மட்டும் எடுத்துக்குவேன், அதில் இருக்கும் வழியில் போகமாட்டேன். கரன்ட் பில் பாக்கின்னு சொல்றாங்களா, போனில் இருக்கும் ஈபி ஆப்பை நானே திறந்து பார்ப்பேன். பேங்க் கேஒய்சியா, பேங்க் ஆப்பைத் திறப்பேன், இல்லைன்னா டெபிட் கார்டுக்குப் பின்னாடி அச்சடிச்ச நம்பருக்குக் கூப்பிடுவேன். டிராஃபிக் ஃபைனா, பரிவாகன் தளத்தை நானே டைப் பண்ணி வண்டி நம்பரைப் போட்டுப் பார்ப்பேன். மெசேஜ் ஒரிஜினலா இருந்தால் அந்த பாக்கி அங்கேயும் காட்டும், கட்டிட்டு வந்துடலாம். ஃபேக்கா இருந்தால் அங்கே ஒண்ணும் இருக்காது. ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்கு நஷ்டம் இல்லை. மிஞ்சிப் போனால் ரெண்டு நிமிஷம் ஆகும்.

கேக்கறதுக்கு ரொம்பச் சாதாரணமா இருக்கு, இல்லையா? இதைச் செய்யாததால் என்ன ஆச்சுங்கறதுக்கு ஒரு கதை. 2016 அமெரிக்க அதிபர் தேர்தல். ஹிலாரி கிளின்டனின் பிரசாரக் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டா. மார்ச் 19-ஆம் தேதி அவர் ஜிமெயிலுக்கு ஒரு மெயில். உங்க பாஸ்வேர்ட் யாரோ கையில் சிக்கியிருக்கு, உடனே மாத்துங்கன்னு கூகுள் சொல்ற மாதிரி. கீழே ஒரு நீல பட்டன். அந்த பட்டனுக்குப் பின்னாடி இருந்தது பிட்லி சுருக்க லிங்க்.

அவர் அலுவலகத்தில் இருந்தவங்க நல்ல வேலைதான் செஞ்சாங்க. சந்தேகப்பட்டு ஐடி ஹெல்ப்டெஸ்க்குக்கு அனுப்பினாங்க. அங்கிருந்து பதில் வந்தது: இது முறையான மெயில்தான், உடனே பாஸ்வேர்டை மாத்தச் சொல்லுங்க. 'முறையற்றது' என்று எழுத நினைச்சு, ஆங்கிலத்தில் முன்னால வரவேண்டிய ரெண்டு எழுத்து விட்டுப்போச்சுன்னு அந்த ஊழியர் பிற்பாடு சொன்னார். நம்பறதும் நம்பாததும் உங்க விருப்பம். எனக்கு முக்கியமா படறது வேற. அதே பதிலில் அவர் கூகுளின் சரியான முகவரியையும் கொடுத்து, இங்கே போய் மாத்துங்க, டூ ஃபேக்டரையும் ஆன் பண்ணுங்கன்னு எழுதியிருந்தார். அந்த லிங்க்கில் போயிருந்தால் 'முறையானது' என்று தப்பா எழுதினதால் எந்தக் கெடுதலும் வந்திருக்காது. ஆனால் அழுத்தப்பட்டது பழைய மெயிலில் இருந்த பட்டன். அந்த வருஷம் அக்டோபரிலிருந்து அவருடைய ஆயிரக்கணக்கான மெயில்கள் விக்கிலீக்ஸில் வர ஆரம்பிச்சது, ஒரு நாட்டுத் தேர்தலே அதைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தது.

ஐடி ஆள் சொன்னாலும் தப்பா போகலாம், உங்களுக்கு நான் சொன்னாலும் தப்பா போகலாம்னு சொல்லத்தான் இந்தக் கதை. ஸ்க்ரீன்ஷாட் அனுப்பறதுக்கு பதிலா ஆப்பைத் திறந்து பாருங்க.

லிங்க்கைத் தொட்டே ஆகவேண்டிய சூழ்நிலையும் வரும், அதை மறுக்கல. வேலைக்கான இன்டர்வியூ லிங்க், கல்யாண மண்டப புக்கிங்னு ஏதாவது. அப்ப முகவரியைப் படிக்கத் தெரியணும். நிறைய பேர் இடது பக்கத்திலிருந்து படிச்சு, பேங்க் பேரைப் பார்த்ததும் நிம்மதி ஆயிடறாங்க. கோயம்புத்தூரில் திருச்சி ரோடு இருக்கு. பேரில் திருச்சி இருக்குங்கறதுக்காக அங்கே இறங்கினால் மலைக்கோட்டை தெரியுமா? தபால் முகவரியில் ஊர் பேர் கடைசியில்தானே வரும், வலைத்தள முகவரியும் அப்படித்தான். முதல் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும் போய், அங்கிருந்து பின்னாடி பாருங்க. கடைசி டாட்டும், அதுக்கு முன்னாடி ஒட்டியிருக்கும் வார்த்தையும்தான் ஊர். 'உங்கபேங்க் டாட் காம் டாட் கேஒய்சி-அப்டேட் டாட் டாப்' என்று இருந்தால் ஊர் 'கேஒய்சி-அப்டேட் டாட் டாப்'. உங்க பேங்க் பேர் வெறும் ரோடு பேர்.

நம்ம ஊர் 'டாட் கோ டாட் இன்' மாதிரி ரெண்டு துண்டா முடியறதுக்கு இன்னும் ஒரு வார்த்தை முன்னாடி போகணும். இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் ரிசர்வ் வங்கி ஒரு வேலை செஞ்சது. இந்திய வங்கிகள் எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாறணும்னு உத்தரவு போட்டது. பத்து நிமிஷத்தில் யார் வேணாலும் காசு கொடுத்து வாங்கற டொமைன் இல்லை இது, வங்கிகளுக்கு மட்டும்தான் கொடுப்பாங்க. சாய்கோட்டுக்கு முன்னாடி இப்படி முடியுதான்னு பார்க்க அம்மா அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எனக்குத் தெரிஞ்சு, கண்ணால் பார்க்கற அடையாளங்களில் கொஞ்சமாவது நம்பக்கூடியது இது ஒண்ணுதான்.

கண்ணுக்கு இருக்கற பிரச்சனை களைப்பு. மெஷினுக்குக் களைப்பு கிடையாது. ட்ராய் ஹன்ட் எழுதினதில் ஒரு சின்ன விவரம் இருக்கு. அவர் பாஸ்வேர்ட் மேனேஜர் வெச்சிருந்தார். அன்னிக்கு அந்தப் போலிப் பக்கத்தில் அது பாஸ்வேர்டைத் தானா நிரப்பல. ஏன் நிரப்பல? அது லோகோவைப் பார்க்காது, கலரைப் பார்க்காது. முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். மெயில்சிம்ப் முகவரி இல்லை, அதனால் சும்மா இருந்தது. ஆனால் நிஜ தளங்களிலேயே சில நேரம் நிரப்பாம சொதப்பும் என்பதால் அவர் அதைப் பெரிசா எடுத்துக்கல. நீங்க பாஸ்வேர்ட் மேனேஜர் வெச்சிருந்தால் இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. வழக்கமா நிரப்பற இடத்தில் நிரப்பலைன்னா, காப்பி பேஸ்ட் பண்ண அவசரப்படாம ஒரு தடவை முகவரியைப் பாருங்க.

இதோட அடுத்த கட்டம்தான் பாஸ்கீ. அந்த லண்டன் மீட்டிங்கில் பேசினாங்கன்னு சொன்னேனே, அது இதுதான். இதுல நீங்க டைப் பண்ண ஒண்ணுமே கிடையாது. உங்க போனுக்குள்ள ஒரு சாவி இருக்கும், அது எந்த தளத்துக்காக உருவாச்சோ அந்த முகவரியில் மட்டும்தான் வேலை செய்யும். கைரேகை வெச்சால் போதும். போலி தளத்தில் நீங்களே கெஞ்சினாலும் சாவி வெளியே வராது. ஓடிபிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆறு இலக்கத்தை நீங்க எங்கே டைப் பண்றீங்கன்னு அதுக்குத் தெரியாது. போலிப் பக்கத்தில் போட்டால், அந்த நொடியே அவன் ஒரிஜினல் பக்கத்தில் போட்டுடுவான்.

இது தியரி இல்லை, நடந்த விஷயம். 2022 ஜூலையில் க்ளவுட்ஃப்ளேர் கம்பெனியின் குறைந்தது 76 ஊழியர்களுக்கு ஒரு நிமிஷத்துக்குள்ள எஸ்எம்எஸ் போச்சு. லிங்க்கில் கம்பெனி பேரும் இருந்தது, அவங்க லாகின் பண்ற சேவையின் பேரும் இருந்தது. அந்த டொமைனைப் பதிவு பண்ணி நாற்பது நிமிஷம் கூட ஆகல, அதனால் எந்த எச்சரிக்கைப் பட்டியலிலும் அது இல்லை. மூணு பேர் பாஸ்வேர்டைக் கொடுத்துட்டாங்க. இணையப் பாதுகாப்பையே விக்கிற கம்பெனி ஊழியர்கள்! அப்படியும் திருடனால் உள்ளே வர முடியல. ஏன்னா அங்கே ஓடிபி கிடையாது, எல்லார் கையிலும் பாஸ்கீ மாதிரியே வேலை செய்யும் யுஎஸ்பி செக்யூரிட்டி கீ. ஏறக்குறைய அதே நேரத்தில் ட்விலியோ கம்பெனி ஊழியர்களுக்கும் அதே மாதிரி எஸ்எம்எஸ் போச்சு. அங்கே திருடன் உள்ளே போயிட்டான், வாடிக்கையாளர் தகவல் வெளியே போச்சு.

நம்ம ஊர் பேங்க் வேலை இன்னும் பெரும்பாலும் ஓடிபியை நம்பித்தான் ஓடுது, அது நம்ம கையில் இல்லை. ஆனால் ஜிமெயிலுக்கு பாஸ்கீ இப்பவே இருக்கு. மத்த எல்லா அக்கவுன்ட்டின் 'ஃபர்காட் பாஸ்வேர்ட்'டும் வந்து விழற இடம் ஜிமெயில். ஒண்ணே ஒண்ணுக்குப் போடறதுன்னா அதுக்குப் போடுங்க.

இப்ப வாட்ஸ்அப்பில் சுத்தற ஏபிகே ஃபைலுக்கு வருவோம். எஸ்எம்எஸ்ஸில் லிங்க் அனுப்பறதுக்கு டிராய் கெடுபிடி பண்ணிடுச்சு. 2024 அக்டோபரிலிருந்து, முன்கூட்டியே பதிவு பண்ணாத லிங்க் இருக்கும் கம்பெனி எஸ்எம்எஸ்ஸைத் தடுக்கறாங்க. வாட்ஸ்அப்புக்கு அந்தத் தடை கிடையாது. 'ஆர்டிஓ சலான்'னு ஒரு ஃபைல், 'கல்யாண அழைப்பிதழ்'னு ஒரு ஃபைல். முடிவில் 'டாட் ஏபிகே'ன்னு இருக்கும். அழைப்பிதழ் படமா வரும், பிடிஎஃப்பா வரும். ஏபிகேன்னா அது ஆண்ட்ராய்ட் ஆப். பத்திரிகை கொடுக்க வந்தவர் பெட்டி படுக்கையோட நம்ம வீட்டுக்குக் குடிவர்ற மாதிரி. இன்ஸ்டால் பண்ணினதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துட்டால் உங்களுக்கு வர்ற ஓடிபி எல்லாம் அவனுக்கும் போகும். ஐகான் கூட மறைஞ்சிடும். இதுல உங்க வழியில போற உத்தி பலிக்காது, ஏன்னா அவன் உங்க போனுக்குள்ளேயே வந்துட்டான். இன்னும் மோசம், பல நேரம் இது தெரிஞ்சவங்க நம்பரிலிருந்தே வரும், அவங்க போன் ஏற்கனவே போயிருக்கும்.

இதுக்கு ஒரு செட்டிங் இருக்கு. ஆண்ட்ராய்ட் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்று தேடுங்க. எந்தெந்த ஆப் வழியா வெளி ஆப்களை இன்ஸ்டால் பண்ணலாம்னு ஒரு பட்டியல் வரும். வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ், டெலிகிராம் எல்லாத்துக்கும் ஆஃப் பண்ணுங்க. இன்ஜினியரிங் படிக்கும்போது மாட் ஆப் போட ஆன் பண்ணிட்டு மறந்தவங்க நம்மளில் நிறைய பேர். நம்ம பழைய போனைத்தான் அப்பாவுக்குக் கொடுத்திருப்போம், அதையும் பாருங்க.

எங்க தெருவில் ஒரு மாமா இருக்கார், ரிட்டயர் ஆனவர். காலை வாக்கிங் குரூப்பில் இருக்கும் நண்பர் நம்பரிலிருந்து அவருக்கு அந்த சலான் ஃபைல் வந்தது. இன்ஸ்டால் பண்ணிட்டார். ராத்திரி மூணு தடவையா பணம் போச்சு, மொத்தம் ஒரு லட்சத்து எழுபதாயிரம். காலையில் எழுந்ததும் மெசேஜைப் பார்த்துட்டார். யாருகிட்டயும் சொல்லல. அடுத்த நாள் சாயந்திரம் வரைக்கும் சொல்லல. பையன் என் கூடப் படிச்சவன், அவனுக்குத் தெரிஞ்சு எனக்குக் கூப்பிடும்போது ஒன்றரை நாள் போயிருந்தது. ஏம்பா சொல்லலன்னு அவன் கேட்டதுக்கு, "போனைப் பிடுங்கிடுவீங்க, இனிமே எதுக்கெடுத்தாலும் உங்களைக் கேட்டுத்தான் செய்யணும்பீங்க"ன்னு சொல்லியிருக்கார். அதுக்கு ஆறு மாசம் முன்னாடி வேற ஒரு சின்ன விஷயத்துக்கு, "இது கூடவா தெரியாது?"ன்னு வீட்டில் எல்லார் முன்னாடியும் இவன் சிரிச்சது அவருக்கு ஞாபகம் இருக்கு.

அந்த ஒன்றரை நாள் ஏன் முக்கியம்னு சொல்றேன். திருடின பணம் ஒரே அக்கவுன்ட்டில் இருக்காது. கமிஷனுக்கு வாடகை விட்ட யாரோ ஒருத்தர் அக்கவுன்ட்டுக்குப் போகும், அங்கிருந்து நாலாப் பிரியும், அதுல ஒண்ணு ஏடிஎம்மில் காசா மாறும். 1930-க்குக் கூப்பிட்டால், புகார் அந்த வழியில் இருக்கும் வங்கிகளுக்குப் போய், இன்னும் நகராத பணத்தை நிறுத்தி வைப்பாங்க. நகர்ந்துபோன பணத்தை நிறுத்த முடியாது. மாமா விஷயத்தில் ஒரு சின்னப் பகுதிதான் நின்னது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதியும் நேரத்தை வெச்சுத்தான் கணக்குப் போடுது. தப்பு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, வேற எங்கேயோ ஓட்டை என்றால், மூணு வேலை நாளுக்குள் சொல்லிட்டால் உங்க பொறுப்பு பூஜ்யம். நாலிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரைக்கும் உங்க தலையில். ஓடிபியை நீங்களே கொடுத்த மாதிரி கேஸ் என்றால், நீங்க வங்கியிடம் சொல்ற நிமிஷம் வரைக்கும் போனது உங்க நஷ்டம், சொன்னதுக்கு அப்புறம் போறது வங்கியோட நஷ்டம். அதாவது, வெட்கப்பட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நம்ம கணக்கில்தான் ஏறும்.

ஆபீஸ்களும் இதே தப்பைப் பண்ணுது. 2020 டிசம்பரில் கோடாடி கம்பெனி தன்னோட ஊழியர்களுக்கு 650 டாலர் பண்டிகை போனஸ்னு மெயில் அனுப்பிச்சு. ஆசையா தகவலைக் கொடுத்தவங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது, அது ஃபிஷிங் டெஸ்ட், நீங்க ஃபெயில்னு. கோவிட் வருஷத்தில்! பெரிய கலாட்டா ஆகி, கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அப்படி ஒரு இடத்தில் நாளைக்கு நிஜமாவே ஒருத்தர் மாட்டினால் ஓடிவந்து சொல்வாரா?

அதனால் வீட்டில் இதை இப்படிப் பேசுங்க. "அப்பா, ஏதாவது தப்பா அழுத்திட்டீங்கன்னா எனக்கு உடனே கூப்பிடுங்க, நான் திட்டமாட்டேன்." திட்டமாட்டேன்னு சொல்லிட்டு திட்டக்கூடாது, அதுதான் கஷ்டம். போன வருஷம் போன் உடைஞ்ச கதையை எல்லாம் அப்ப இழுக்காதீங்க.

நடந்துட்டால் என்ன பண்றதுன்னு வரிசையா சொல்லிடறேன். ஏபிகே போட்ட போனாக இருந்தால் முதல்ல அதோட நெட்டை நிறுத்துங்க, ஏர்ப்ளேன் மோட் போடுங்க. வேற போனிலிருந்து 1930. இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க. லைன் கிடைக்கலைன்னா காத்துட்டு இருக்காம 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் புகாரைப் பதிவு பண்ணுங்க. கூடவே பேங்க் நம்பருக்குக் கூப்பிட்டு கார்டு, யுபிஐ, நெட்பேங்கிங் மூணையும் பிளாக் பண்ணச் சொல்லுங்க, புகார் எண்ணை எழுதி வாங்குங்க. அந்த எண்தான் பிற்பாடு நீங்க எத்தனை மணிக்குச் சொன்னீங்கன்னு நிரூபிக்கும். பணம் போகல, சந்தேகமான மெசேஜ் மட்டும்தான் வந்தது என்றால் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு'ன்னு ஒரு பகுதி இருக்கு, அதில் சொல்லலாம்.

1930-ஐக் கூகுளில் தேடாதீங்க, ப்ளீஸ். 'சைபர் கிரைம் ஹெல்ப்லைன்'னு போலி நம்பர் போட்டு, பணத்தை மீட்டுத் தர்றோம்னு ரெண்டாவது தடவை ஏமாத்தற கூட்டமும் இருக்கு. இப்பவே போனில் கான்டாக்ட்டா சேவ் பண்ணுங்க. அம்மா போனில் எந்தப் பேரில் சேவ் பண்றதுன்னு அம்மாவையே கேளுங்க. எங்க அம்மா 'பணம் போச்சு'ன்னு சேவ் பண்ணி வெச்சிருக்காங்க. அந்த நேரத்தில் 'சைபர்' எல்லாம் ஞாபகம் வராதாம், இதுதான் வாயில் வருமாம்.

அவ்வளவுதான் மக்களே. அடுத்த எபிசோட் யுபிஐ ஆட்டோபே பத்தி, கேள்வி இருந்தால் வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம்.